ஆறாவது

பில்லில் காதர் மீரா எழுதியிருந்தது
‘விடோ - 6’.
டெல்வின் அர்த்தம் சொன்னான்.
இன்னாசி உட்கார்ந்து நாலாவது பரோட்டா பிய்க்கிற வீட்டில்
அந்தப் பேர் எதற்கு?
அடித்துவிட்டுக் ‘கருப்புப் பாவாடை’ என்று எழுதினேன்.
அதுவும் அதுகளுக்கு உள்ள பேர்தானாம்.

கேணிக்கரையில் வாங்கி
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை.
பாலத்துக் காற்றில் பை உப்பி உப்பி ஆடியது.
இரண்டு பக்கமும் கடல்.
மடியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர்,
அதற்குள் ஆறு கட்டைவிரல் நகம்.

போன வருசம் வந்த கையோடு தொட்டியில் கொட்டினேன்.
வெள்ளைப்புள்ளி.
உப்புத் தூவின மாதிரி ஒவ்வொன்றின் மேலும்.
ஒரே வாரத்தில் ஒன்பது.
கடலில் பாடு இல்லாத நாளில்கூட
அப்படி நான் உட்கார்ந்ததில்லை.
அதனால் இந்தத் தடவை பத்து நாள்
ஐஸ் படாத புதுத் தெர்மாகோல் பெட்டியில் தனியாக,
சின்ன மோட்டார் குமிழி விட,
சிலிண்டர் பக்கத்தில்.
‘காய்ச்சல் ஆஸ்பத்திரி’ என்பான் இன்னாசி
தாண்டிப் போகும்போதெல்லாம்.

தொட்டியில் பழைய ஆட்கள் எட்டுப் பேர்.
பெரிய கவுராமிக்குச் சேர்மன் என்று பேர்.
தொட்டியில் கால்வாசி அவனுக்குப் பட்டா.
உடைந்த ஓட்டின் அடியில் வீடு,
நிழல் விழுந்தாலே வெளியே வந்து
யார் என்று கேட்பான்.

இன்று சாயங்காலம் முதலில் அவன் ஓட்டைத்தான் எடுத்தேன்.
இடமிருந்ததை வலம் வைத்தேன்,
கல்லைக் கவிழ்த்தேன், செடியை மாற்றி நட்டேன்.
சங்கு போடக் கூடாது, தண்ணீர் கெட்டிப்படும்.
சங்கு குளிக்கிற ஊரில் சங்கில்லாத தொட்டி.
சேர்மன் மூலை மூலையாய்ப் போய் நின்றான்.
சர்வே நம்பர் மாறிப்போனவன்
தாலுகா ஆபீசில் நிற்கிற நிற்பு.

பிறகு பை. தொட்டியில் மிதக்கவிட்டேன்.
நேற்றே பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர்தான் உள்ளேயும் வெளியேயும்,
ஆனாலும் பெட்டித் தண்ணீர் வேறு, தொட்டித் தண்ணீர் வேறு.
அஞ்சு நிமிசத்துக்கு ஒரு டம்ளர்.
வெளியிலிருந்து சேர்மன் பிளாஸ்டிக்கில் வாய் வைத்து வைத்துப் பார்த்தான்.
லைட்டை அணைத்து,
வலையில் ஒவ்வொன்றாய்.
பைத் தண்ணீரை வாசலில் ஊற்றினேன்.

எண்ணினேன். அஞ்சு.
டார்ச் அடிக்காதே என்று டெல்வினிடம் சொல்லிவிட்டு
நானே அடித்தேன்.
அஞ்சு.
தரையைத் தடவினேன், துள்ளி விழுந்திருக்குமோ என்று.

விடியாத வேளை, கரையில் என் குரல்.
காரல் ஆயிரத்து நூறு, ஆயிரத்து நூறு,
ஆயிரத்து இருநூறு யாரு,
சூடை மூணு கூடை,
நகரை, பாறை, தலை நசுங்கின ஊளி.
டன் கணக்கில் கண் விழித்துக் கிடக்கிறதுகளைத்
தாண்டித் தாண்டி நடக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை எனக்கு.
ஆயிரத்து அறுநூறு கேட்கிற இடத்தில்
வாய் ‘ஆறு’ என்று நின்றுவிட்டது.
ஆறு, ஆறு, ஆறு.
‘என்ன மதலேன், ஆறு ரூபாய்க்கா?’ என்றார் வியாபாரி.
கரையே சிரித்தது. கூடை நூறு ரூபாய் குறைந்து போனது.

போன் போட்டேன். ‘எண்ணு.’
‘அம்மா, மணி அஞ்சேகால்.’
‘எண்ணு.’
கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.
‘அஞ்சு... சேர்மன் ஏன் வெளியே நிக்கிறான்?’

வந்து பார்த்தேன்.
ஓட்டின் அடியில் கருப்பாய் ஒரு நுனி,
பாவாடை ஓரம் போல, அசைகிறது.
வாசலில் சேர்மன்.
விரட்டவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.
இன்றைக்குத்தான் இப்படி. நாளைக்குத் தெரியாது.
வால் கடிபட்டால் மறுபடி பெட்டிதான்.

முழங்கைவரை காரல் செதிள்.
கண்ணாடியைத் தொடாமல்
இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
குனிந்து பார்க்கிறேன்,
காசில்லாமல் ஏலம் பார்க்க வந்தவள் மாதிரி.