பதினோரு விநாடி

முகம் இல்லை. பெயர் இல்லை.
குரலையும் உருவிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.
இருபத்து மூன்றாம் எண் காணொளி:
ஒரு பித்தப்பை, இரண்டு கருவிகள்,
ஈரல் விளிம்பில் வழுக்கும் வெளிச்சம்.

தார்த்து நகரில் மாலை நான்குக்கே இருட்டிவிட்டது.
சன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
போகிறது, திரும்பி வருகிறது.
சமையல் மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் மதிப்பெண் தாள்:
ஆழம் உணர்தல். இருகைப் பழக்கம்.
வீணில்லாத அசைவு. திசுவைத் தொடும் விதம்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை.
எனக்கு நாற்பது காணொளி,
ஹெய்னாருக்கும் அதே நாற்பது;
ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது.

முகத்தை மறைத்தால் என்ன, கை பேசிவிடும்.
ஏழாம் எண் அவசரக்காரர்,
கடைசிப் பேருந்தைப் பிடிக்கிறவர் போல
எல்லாவற்றையும் இழுக்கிறார்.
பதினான்கின் இடக்கை
மறுவீடு வந்த மாப்பிள்ளை:
சும்மா இருக்கிறது.
பத்தொன்பது பாவம், குழாய் எங்கே என்று தெரியாமல்
காற்றைக் கொத்துகிறது.

சிரிக்கவில்லை. நானும் கொத்தியவள்தான்.
அட்டைப்பெட்டியில் இரண்டு துளை,
உள்ளே ஒரு ஆரஞ்சு,
சாறு சொட்டாமல் உரிக்க வேண்டும்.
முனை இடப்பக்கம் போக
கை வலப்பக்கம் போகணும்;
சுக்கான் பிடிக்கிறவர் கணக்கு.
மூன்று வாரம் பழகியபின் ஒரு காலை
வலப்பக்கம் இருந்த காபிக் கோப்பைக்கு
இடப்பக்கம் கையை நீட்டினேன்.
அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் ஆரஞ்சு வாசம்.
மகன் இன்றைக்கும் அதைத் தொடமாட்டான்.

இருபத்து மூன்று.
பதினெட்டாம் நிமிடம். கிளிப் மாட்டும் கருவி
வாய் திறந்தபடி குழாயின் ஓரம் வந்து
நின்றுவிட்டது.

காணொளிதான் உறைந்ததோ என்று சுட்டியைத் தட்டினேன்.
இல்லை.
ஈரல் மூச்சோடு ஏறி இறங்குகிறது.
ஆழத்தில் ஒரு நாளம் துடிக்கிறது.
கருவி மட்டும் அசையவில்லை,
நடுங்கவும் இல்லை.
பதினோரு விநாடி.
பிறகு வாயை மூடிக்கொண்டு பின்வாங்கி
ஒட்டியிருந்த கொழுப்பை
இன்னும் எள்ளளவு விலக்கியது.

இடுக்கப் போனது பித்தப்பையின் குழாய் இல்லை.
பெரிய குழாய்.
இடுக்கியிருந்தால் அந்த மனிதர்
ஆயுசுக்கும் மஞ்சள் பூத்த கண்ணோடு
மருத்துவமனை வாசலில்தான்.

தாளின் விளக்கக் குறிப்பு தெளிவாகவே இருக்கிறது:
தயங்கி நின்றால் இரண்டுக்கு மேல் கூடாது.
ஐந்து போட்டேன்.

வியாழக்கிழமை தீத் அழைத்தார், புள்ளியியல்காரர்.
இருபத்து மூன்றில் ஹெய்னார் இரண்டு, நீங்கள் ஐந்து,
ஒத்துப்போகும் அளவு சரிகிறது,
கை தவறிப் போட்டீர்களா?
மறுபடி பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தேன். சத்தமாக எண்ணினேன்,
யாருமில்லாத சமையலறையில்.
ஏழில் என் குரல் இறங்கியது.
எட்டில் எனக்கே அவசரம்.
அவர் நிற்கிறார்.
அவரா, அவளா, அதுவும் தெரியாது.

தாளின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே,
பென்சிலால் எழுதினேன்: நிற்கத் தெரிகிறது.
அதைக் கணினி படிக்காது என்றார் தீத்,
கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

இருபத்து நான்கைத் திறந்தேன்.
அழகான கை. தயக்கமே இல்லை.
நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.