பூச்சியத்திலிருந்து நூறு

பண்ணைப் பாலம், ஞாயிறு, காலை ஐந்து முப்பத்தைந்து.
கடலுக்கு இன்னும் நிறம் வரவில்லை.
கைபேசியில் நேரம் பிடிக்கிற வேலை எனக்கு.

முதலில் எங்கட வெசல்.
அகிலரூபன் மிதிக்கிறான்.
சத்தம் முந்திப் போகிறது.
வண்டியோ "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டு
கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிறது,
அவனைப் போலவே.
பின்சீற்றில் நேற்று இறக்க மறந்த கோழித்தீன் மூடை.
பத்து தசம் ஆறு செக்கன்.

பிறகு துஷாந்தியின் சிவப்பு மஸ்டா.
இரண்டு கதவு, இரண்டு இருக்கை,
லீசிங் முடிய இன்னும் மூன்று வருசம்.
கிளச்சை விட்டாள்.
யாரோ என் நெஞ்சில் கைவைத்து
ஆசனத்தோடு அழுத்தின மாதிரி.
வயிறு மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.
ஆறு தசம் மூன்று.

மூடையைக் கழித்துப் பார்க்கச் சொல்கிறான் அகிலரூபன்.
எதிர்க்காற்று என்கிறான்.
நாலு தசம் மூன்று செக்கன் வித்தியாசம்:
களங்கண்டித் தடியில் இருந்த நீர்க்காகம்
சிறகை விரித்து, யோசித்து,
மடித்துக்கொண்டது. அவ்வளவுதான்.

திரும்பி வருகையில்
இறால் பெட்டி கட்டிய சைக்கிள்காரர்
பாதையின் நடுவில் செயின் மாட்டுகிறார்.
இரண்டு காரும் பூச்சியம்.
அவர் நிமிரவில்லை.

துஷாந்தி கண்ணாடியை இறக்குகிறாள்.
உப்பும் சேறும் மணக்கிறது.
"இன்னொருக்கா?" என்கிறாள்.
வீட்டில் இடியப்ப மா குழைக்காமல் கிடக்கிறது.
நான் கைபேசியைச் சட்டையில் துடைத்து
எண்களை அழிக்கிறேன்.