நாலு போல்ட்டு

பள்ளத்தூர் வீட்டு முற்றத்துக்கு மூடி போட்டது நான்தான்.
இருபத்தெட்டு அடிக்குப் பதினாறு,
பாலிகார்பனேட் தகடு, பத்து வருஷம் கேரண்டி.
சிட்னியிலிருந்து சாத்தப்பன் போனில் சொன்னார்:
புறா வரக்கூடாது, குரங்கு வரக்கூடாது,
மழைச்சாரல் வரக்கூடாது,
வெளிச்சம் மட்டும் வரணும்.

வெளிச்சம் மட்டும்.
தை மாசம். ரெண்டே நாள் வேலை.

சித்திரையில் பஞ்சவர்ணம் கூப்பிட்டார்,
அந்த வீட்டைப் பெருக்கிப் பூட்டி வைத்திருக்கிறவர்.
"ஜபருல்லா, ராத்திரி பத்து மணிக்கும்
தரையில் கால் வைக்க முடியலப்பா.
வீடு உள்ளே இழுக்குது,
வெளியே விட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன்.
முற்றத்துக் கல்லில் உள்ளங்கை வைத்து எடுத்தேன்.
தகட்டைத் தாண்டி வந்த வெயில்
வந்த வேஷத்தில் திரும்புவதில்லை.
கல் அதைத் தின்றுவிட்டு
கண்ணுக்குத் தெரியாத சூடாக ஏப்பம் விடுகிறது.
அந்த ஏப்பத்துக்கு மேலே வழியில்லை.

ஏணி போட்டு ஏறினேன்.
முகட்டில் நாலு போல்ட்டைக் கழற்றி
ஒரு சாண் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.
அடைபட்ட காற்று
ஒட்டடையோடு என் முகத்தை உரசிக்கொண்டு
ஓடியது, கடன்காரனைக் கண்டவன் மாதிரி.

கீழே பஞ்சவர்ணம் "ஆங்..." என்றார். அவ்வளவுதான்.

ஓட்டுக் கூரையில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.
எட்டுத் தெரு தாண்டியும் கூரைதான்.
அதற்கு மேலே, வெளுத்துப்போய், அந்தப் பெரிய மூடி.

ரெண்டும் ஒன்றில்லை, எனக்குத் தெரியும்.
இங்கே தகடு காற்றைப் பிடித்து வைத்தது.
அங்கே காற்றேதான் தகடு.
பூமி விடும் சூட்டை வாங்கிப்
பாதியை மறுபடி நம் தலையிலேயே போடுகிறது.
சந்தேகமா?
மார்கழியில் மேகம் இல்லாத ராத்திரி
வாசலில் நிறுத்திய பைக் சீட்டு நனைந்து கிடக்கும்.
மேகம் மூடினால் காய்ந்திருக்கும்.
பைக் பொய் சொல்லாது.

அந்த மூடியே இல்லையென்றால்
இந்த ஊருணி பாறையாக உறைந்திருக்கும்,
குளிக்க இறங்க ஆளும் இருந்திருக்க மாட்டார்கள்.
போர்வையில் குற்றமில்லை.
விடிந்த பிறகும்
ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டே இருக்கிறோமே,
அது.

இறங்கும்போது தூணைப் பிடித்தேன்.
பர்மாத் தேக்கு, ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன்.
எந்தக் கப்பலில் வந்ததோ,
எத்தனை மூட்டைக் கரி எரித்து வந்ததோ.
மரத்தை இறக்கிக் கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.
புகையை யாரும் இறக்கவில்லை.
அதில் ஒரு பங்கு இன்னும் மேலேயே நிற்கிறது,
நூறு வருஷம் தாண்டியும்,
முதல் அடையாமல் வட்டி கேட்டுக்கொண்டு.

சரி, கப்பல்காரனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?
இந்தத் தகட்டை மாட்டிய ரெண்டு நாளும்
தெருவில் கரண்டு இல்லை.
என் ஜெனரேட்டர் குடித்த டீசல் பதினெட்டு லிட்டர்.
பில்லில் சேர்த்திருந்தேன்.
புகைக்குப் பில் போடவில்லை.

அங்கே கழற்றுவதற்கு நாலு போல்ட்டு கிடையாது.
முட்டுக் கொடுக்கச் சுவரும் கிடையாது.
புதிதாக எதையும் ஏற்றாமல் இருக்கலாம்.
அதைத்தான் யாரும் வேலை என்று எண்ணுவதில்லை.

சாயங்காலம் சிட்னியிலிருந்து போன்.
கேமராவில் சந்தைப் பார்த்துவிட்டாராம்.
அதற்குள் ஒரு புறா
உள்ளே வந்து உத்தரத்தில் உட்கார்ந்திருந்தது.
"மறுபடி மூடிடுங்க. சூடுதானே?
சுத்தி நாலு ஏசி போட்டுரலாம். ரேட்டு அனுப்புங்க."

நாலு ஏசி. உள்ளே குளிரும்.
சூட்டைத் தெருப் பக்கம் தள்ளும்.
அதற்குக் கரண்டு எரிக்க
தூத்துக்குடியில் இன்னும் கொஞ்சம் கரி.

நல்ல மனுஷன், பாக்கி வைத்ததில்லை.
எனக்கும் வேலை வேண்டும்.
ஜூன் முதல் வாரம் மகளுக்குப் பள்ளிக்கூட ஃபீஸ்.

ரேட்டு எழுதிவிட்டேன், போனில் இருக்கிறது.
இன்னும் அனுப்பவில்லை.