இருபதாவது ஊதல்

"கண்ணில் காற்றடிக்க
இந்த ஊரில் ஒரு இயந்திரம் வேண்டுமா?"
சிரிக்கிறாள் எர்சிலியா பாமோந்தே.

பூந்தா அரேனாஸ். ஜன்னலுக்கு வெளியே
தெருமுனையில் கட்டிய வடத்தைப் பற்றியபடி
ஒருவர் சாலையைக் கடக்கிறார்.
அவருக்கு முன்னாலேயே போய்விட்டது
அவருடைய கோட்டு.

கருவியைப் பொருத்திக் காட்ட வந்தவன் நான்.
அரைகுறை ஸ்பானிஷ்.
அவளோ முப்பத்தோரு வருடம்
நீரிணையைக் கடக்கும் படகில் கயிறு எறிந்தவள்.
உப்பும் ஆலங்கட்டியும் விழுந்த கண்.
அதன் கீழே இப்போது பசையிட்ட இரண்டு வில்லைகள்.
கம்பிகளை ஓயார்சோ சரிபார்க்கிறான்.
கண்ணோரம் ஒரு மெல்லிய குழாய்
மூச்சுவிடக் காத்திருக்கிறது.

புஸ்.
திரையில் ஒரு மலை எழுந்து அடங்குகிறது.
மூளைத்தண்டு வரை போய்
இமைக்குத் திரும்பி வந்த செய்திக்கு
ஒரு விநாடியை ஆயிரமாகக் கீறி
அதில் நாற்பத்தொரு கீற்று என்கிறது எண்.

கண்ணிமைக்கும் நேரம் என்று
கணக்கில் சேராததைத்தான் சொல்லி வந்தேன்.
குறிலுக்கு ஓர் இமைப்பு, நெடிலுக்கு இரண்டு என்று
எழுத்தையே இமையால் அளந்த மொழியில் பிறந்தும்
இமையை எதனால் அளப்பது என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

புஸ். புஸ்.
ஓயார்சோ வாய்திறக்காமல் காத்திருப்பது இதற்கு:
நான்காம் ஐந்தாம் ஊதலில்
இமை சலித்துப்போக வேண்டும்.
மறுபடியும் நீதானா என்று
பாதி மூடித் திறந்துகொள்ள வேண்டும்.
மலை குன்றாகி, குன்று வரப்பாகி,
வரப்பு வயலில் கரைய வேண்டும்.
இந்தத் திரைக்குத் தெரிந்த நலம் அவ்வளவுதான்:
பழகிப்போவது.

ஒன்பது.
பதினொன்று.
மலை அப்படியே நிற்கிறது.
இருபதாவது ஊதலுக்கும் திடுக்கிடுகிறது இமை,
காற்று என்ற ஒன்றை
இப்போதுதான் யாரோ கண்டுபிடித்ததுபோல.

இமைக்காதவர்களுக்கு
இமையவர் என்று பெயர் வைத்தோம்.
இமைத்துச் சலிக்காதவர்களுக்கு
ஒரு பெயரும் வைக்கவில்லை.

மடியில் அவளுடைய வலக் கட்டைவிரல்
சுட்டுவிரல்மேல் எதையோ உருட்டிக்கொண்டிருக்கிறது.
கயிற்றின் பிரியா, ஒன்றுமேயில்லாததா.
அவள் அதைப் பார்க்கவில்லை.

கருவியில்தான் கோளாறு என்று
இரண்டுமுறை கழற்றிப் பார்த்தேன்.
குழாயை என் கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்த்தேன்.
கருவி நன்றாக இருந்தது.

"வியாழக்கிழமை டாக்டர் பேசுவார்" என்றான் ஓயார்சோ.
"சரி, நான் நன்றாக இமைத்தேனா?"
"ரொம்ப நன்றாக."
பொய்யில்லை.
ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை.

வெளியே போனவள்
தெருமுனையில் நின்றுவிட்டாள்.
வடத்தின் முடிச்சைப் பார்த்து முகம் சுளித்து
அவிழ்த்தாள், அந்தக் கையாலேயே.
நகராட்சி ஆளை ஏதோ திட்டிக்கொண்டே
புதிதாக முடிந்தாள், இழுத்துப் பார்த்தாள்,
காற்று ஒவ்வொரு முறை முகத்தில் அறைய
ஒவ்வொரு முறையும் இமைத்தபடி.