தரைக்குப் படம் கிடையாது

வேன் நிற்க ஒரு தளம், அவ்வளவுதான்.
பத்துக்குப் பதினெட்டு, ஐந்து அங்குலக் கனம்.
"இதுக்குப் போயி இன்னாக்கா இவ்ளோ ரோசன"
என்கிறார் முனிரத்தினம் மேஸ்திரி.
விருதம்பட்டு வெயிலில் கொட்டிவைத்த ஜல்லி
கை வைத்தால் சுடுகிறது.

யோசனைக்குக் காரணம் மேற்கு மூலை.
எங்களுக்கு முன்பிருந்தவர்கள்
அங்கே செப்டிக் குழி வைத்திருந்தார்கள்.
எதைப் போட்டு மூடினார்கள் என்று
விற்றவரும் சொல்லவில்லை, பத்திரத்திலும் இல்லை.
கடப்பாரையால் குத்திப் பார்த்தேன்.
மற்ற இடமெல்லாம் ணங்கென்றது.
அங்கே மட்டும்
கேட்டும் கேட்காத மாமனார் போல
ஒரு 'ம்'.

வாஜித் பாய் கடையில் வெல்டு மெஷ்
சுருளாக நின்றது. விலை குறைவு.
விரித்தால் படுக்காது.
ஒரு முனையை மிதித்தால்
மறுமுனை எழுந்து யார் என்று பார்க்கும்.

ஃபைபர் கம்பெனிப் பையன் பாக்கெட்டைப் பிரித்தான்.
சலூன் தரையில் நரைமுடி மாதிரி வெள்ளை நூல்.
"கலவையிலயே கொட்டிடுங்க மேடம், கம்பியே வேணாம்."
அவன் வண்டியைக் கிளப்பும்வரை
பாய் கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு மெதுவாக,
"மேல் வெடிப்புக்கு அது சரிம்மா.
குழிமேல நிக்கணும்னா கம்பிதான்."

கொழுந்தன் ஜெபராஜ்
இடித்த வீட்டுக் கம்பி தருவதாகச் சொன்னான், சும்மாவே.
வளைந்ததை நிமிர்த்தினால்
நிமிர்த்திய இடத்திலேயே மறுபடி வளையும்.
வேண்டாமென்றேன்.
மூன்று நாள் பேசவில்லை.

எனக்கு இரும்பு புதிதில்லை.
பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே அறை.
தொடைக்குள் ஓடும் கம்பி, முழங்கையில் ஆறு ஸ்க்ரூ,
கறுப்புக்குள் வெள்ளையாக
தினம் இருபது முப்பது பார்க்கிறேன்.
எலும்பு ஒருநாள் கூடிவிடும்.
கான்கிரீட் கூடாது.
வெடிக்கிறதை எந்தக் கம்பியும் தடுக்காது.
வெடித்த இரண்டு பக்கத்தையும்
விலகிப்போக விடாமல் பிடித்துக்கொள்ளும்.
அதற்குத்தான் காசு.

எட்டு எம்.எம்., எட்டு அங்குலத்துக்கு ஒன்று, குறுக்கும் நெடுக்கும்.
மேற்கு மூலையில் மட்டும் பத்து எம்.எம்., நெருக்கமாக,
குழியைத் தாண்டி
கெட்டி மண்ணில் மூன்றடி போய் நிற்கிற மாதிரி.
தொண்ணூற்றுச் சொச்சம் கிலோ.
எட்வின் பில்லைப் பார்த்தார், வேனைப் பார்த்தார்.
காட்பாடி ஸ்டேஷனில் விடிகாலை மூன்று மணிக்கு
மால்டாவிலிருந்து வரும் ஒரு குடும்பத்தை,
அவர்களுடைய அரிசி மூட்டை, பழைய ரிப்போர்ட்,
எல்லாவற்றையும் ஏற்றி இறக்கும் வேன்.
ஒன்றும் சொல்லாமல் பில்லை மடித்துக்கொண்டார்.

கான்கிரீட் அன்று பார்த்தால்
கட்டிய கம்பி மண்ணிலேயே படுத்திருக்கிறது.
"கலவ கொட்டச்சொல்லோ
கொக்கி போட்டுத் தூக்கி வுட்டுர்லாம்கா."
தூக்குவார்கள்தான்.
தூக்கிய இடத்தில் அடுத்த ஆள்
பாண்டோடு ஏறி நிற்பார்.
எலும்பில் கம்பி இடம் மாறினால்
மறுநாளே என் படம் காட்டிக்கொடுத்துவிடும்.
தரைக்குப் படம் கிடையாது.

போன வாரமே டீக்கடை பேப்பர் கப்பில்
சிமெண்டும் மணலும் குழைத்து ஊற்றி,
நடுவில் கட்டுக்கம்பி செருகி,
தண்ணீரில் போட்டுவைத்திருந்தேன். நாற்பத்தாறு.
ஒவ்வொன்றும் மூன்று அங்குல உயரம்.
வாளியைக் கொண்டுவந்து வைத்ததும்
மேஸ்திரி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.
அடியில் கப்பின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது.
"டூட்டி இல்லியா ஒனக்கு இன்னிக்கி?"
லீவு போட்டிருக்கிறேன் என்றேன்.
குனிந்து செருகத் தொடங்கினார்.

பதினாலு நாள் கோணிச் சாக்கு, காலை மாலை தண்ணீர்.
லாரித் தண்ணீர்தான். அதற்கும் ஒரு சண்டை.

இரண்டாம் மாதம் மேற்கு மூலையில்
முடி கனத்தில் ஒரு கோடு.
எட்வின் டார்ச் அடித்துக் காட்டினார்,
யாரோ இறந்துவிட்ட குரலில்.
கோட்டின் நுனியில் பென்சிலால் தேதி எழுதினேன்.

அது ஆடியில்.
நேற்று தேதிமேல் ஆயில் சொட்டி அழிந்திருந்தது.
உட்கார்ந்து கோட்டின் குறுக்கே
விரல் நகத்தை இழுத்துப் பார்த்தேன்.
நகம் மாட்டவில்லை.