வாய்ப்புகள் குறித்துச் சில வார்த்தைகள்

பெங்களூர் போன குணாளனுக்கு லீவு கிடைக்கவில்லை.
துபாயிலிருந்து வீடியோவில் வருவதாகச் சொன்ன ஹசீனா
சிக்னலில் சிக்கி உறைந்துபோனாள், வாய் திறந்தபடி.
ஆகவே என்னைக் கூப்பிட்டார்கள்.
ராணிப்பேட்டைதானே,
காலையில் பஸ் ஏறினால் பத்துக்குள் வந்துவிடலாம் என்று.

இரவு ஷிப்ட் முடித்துக் குளித்தேன்.
மறுபடி குளித்தேன்.
ஆற்காட்டுப் பாலத்தில் கண்ணை மூடி
சத்துவாச்சாரியில் விழித்து
புடவை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டேன்.

கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ்:
'வேதியியல் படித்தால் வானமே எல்லை.'
புகை கக்கும் ஒரு ராக்கெட்.
அதன் வாலுக்குப் பக்கத்தில் என் படம்,
கீழே 'சுற்றுச்சூழல் விஞ்ஞானி' என்று.

நான் விஞ்ஞானி இல்லை.
முப்பத்தெட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்
ஒரே குழாயில் வந்து விழும் இடத்தில்
நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை
குடுவையில் மொண்டு பார்ப்பவள்.
பச்சை தட்டினால் குரோமியம்.
நுரைத்தால், யாரோ எதையோ திறந்துவிட்டிருக்கிறார்கள்.
அழுகிய முட்டை நாறினால்
முகமூடி, பிறகு ஓட்டம்.

ஸ்லைடு செய்துகொண்டு போயிருந்தேன்.
மருந்துக் கம்பெனி, பி.எட்., எம்.எஸ்ஸி., வங்கித் தேர்வு.
பெட்டி, அம்பு, பெட்டி, அம்பு.
முதல் வரிசையில் ஒரு பெண்
ஸ்கேல் வைத்து வரைந்துகொண்டிருந்தாள்.
அதைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

என் கதையில் அம்பு எதுவும் இருந்ததில்லை, என்றேன்.
குரூப் ஃபோர் மூன்று முறை.
கடைசி முறை ஒரு கேள்வியில், ஒன்றரை மார்க்கில் போயிற்று.
காட்பாடி துணிக்கடையில் பில் போட்டது ஏழு மாதம்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில்
பசையின் தரம் பார்த்தேன்; தலைவலி, நின்றுவிட்டேன்.
இந்த வேலைகூட, முதலில் எடுத்த பையன்
முதல் நாளே வாந்தி எடுத்து ஓடிப்போனதால் வந்தது.

சம்பளத்தையும் சொன்னேன்.
பன்னிரண்டில் தொடங்கி இன்று இருபத்தொன்று ஐந்நூறு.
பிலோமினா மேடம் இருமினார்.

'சுகந்தின்னு பேர் வெச்சிக்கிட்டு இந்த வேலையா'
என்று பெண் பார்க்க வந்தவர்கள் சிரித்ததைச் சொன்னேன்.
ஹாலும் சிரித்தது.
அவர்கள் சிரித்துவிட்டுப் போனவர்கள்தான்.

சொல்லாததும் உண்டு.
ஐப்பசி மழையில், விடியற்காலை மூன்று மணிக்கு,
அளவு எகிறி நின்றபோது
'கொஞ்சம் குறைச்சு எழுதும்மா' என்று போன் வந்தது.
ஒருமுறை எழுதினேன்.
இரண்டாம் முறை எழுத மாட்டேன் என்றேன்.
இரண்டையும் சொல்லவில்லை.
பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

கேள்விகள்?
'ஒர்க் ஃப்ரம் ஹோம் உண்டா மேடம்?'
நானும் சேர்ந்து சிரித்தேன்.
சால்வை, சுண்டல், குரூப் போட்டோ.

படிக்கட்டில் அந்த ஸ்கேல் பெண் நின்றிருந்தாள்.
தஸ்னீம். மேல்விஷாரம்.
யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:
'நைட் ஷிப்டுக்கு வேன் வருமாக்கா?
லேபுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?'

தாழ்ப்பாள் இருக்கிறது, என்றேன்.
நான் எழுதிக் கேட்டு, எட்டு மாதம் கழித்துப் போட்டார்கள்.
வேன் ஆற்காடு பஸ் ஸ்டாண்டு வரைதான்.

பெட்டிகளுக்கும் அம்புகளுக்கும் ஓரத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டாள்:
தாழ்ப்பாள், உண்டு.
வேன், ஆற்காடு வரை.

அங்கிருந்து விஷாரத்துக்கு நாலு கிலோமீட்டர்.
என் பஸ் இரண்டு போய்விட்டது.
நாங்கள் அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றியே
பேசிக்கொண்டிருந்தோம்.