குறிப்பேட்டில் சேராதவை

மார்ச் மாத ஊர்க்கூட்டம்,
பள்ளியின் கூடைப்பந்து அரங்கில்.
ஈரக் காலணிகளுக்கு அட்டை விரித்திருந்தோம்.
வெளியே மெய்ன் மாநிலம் முடிந்து
நான்கு மைலில் கனடா.
எழுபத்தொன்பது பேர், குறிப்பெழுதும் என்னையும் சேர்த்து.
பத்தொன்பதாம் தீர்மானம்:
எரிபொருள் வரியில் ஒரு பங்கைப்
பேருந்துக்கும் தரச்சொல்லி
மாநிலத்துக்கு எழுதுவதா, வேண்டாமா.

பேருந்து என்றுதான் எழுதினேன்.
உண்மையில் அது ஒரு வேன்.
பன்னிரண்டு இருக்கை.
செவ்வாய், வியாழன், சனி.
இழுவைக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும்.

முதலில் எழுந்தவர் அர்மான் லெவெக்,
மரலாரி ஓட்டுகிறவர்.
"வாரம் நானூறு காலன் டீசல் குடிக்கிறது என் வண்டி.
காலனுக்குக் காலன் வரி கட்டுகிறேன்.
நான் போட்ட காசு நான் ஓடும் தரைக்கு.
அடுத்தவர் பயணச்சீட்டுக்கு
நான் ஏன் அழவேண்டும்?"
கைதட்டல்.
கைதட்டலை எழுதும் வழக்கமில்லை.

நோயெலா டேகல் எழவில்லை,
உட்கார்ந்தே பேசினாள்.
வாரம் மூன்று முறை அவள் இரத்தம்
நாற்பத்தாறு மைல் தள்ளி ஓர் இயந்திரத்துக்குள்
போய்த் திரும்புகிறது.
"நான் டீசல் வாங்குவதில்லை, சரி.
என் வீட்டுக்கு வரும் ரொட்டி வாங்கியிருக்கிறது.
என் கணப்புக்கு வரும் விறகு வாங்கியிருக்கிறது.
விலைமேல் ஏறி உட்கார்ந்து
என் சமையலறைவரை வருகிறது உங்கள் வரி.
திரும்பிப் போகும்போது
என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன்,
அவ்வளவுதான்."
யாரோ இருமினார்கள்.

பிறகு வழக்கமான இழுபறி.
மின்கார் வைத்திருக்கும் அறிவியல் ஆசிரியர்
இரண்டு வருடமாகச் சாலைக்குச்
சல்லிக்காசு தரவில்லை என்று ஒருவர் சொல்ல
ஆசிரியரின் காது சிவந்தது.
பனி அள்ளும் ஓமெர் பூஷார்
வரி எந்தப் பையிலிருந்து வந்தாலும்
தனக்கு ஒன்றுதான் என்றார்,
பிப்ரவரியிலேயே உப்பு தீர்ந்துவிட்டது.

கை தூக்கச் சொன்னேன்.
எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.
ஆதரவு முப்பத்தெட்டு, எதிர்ப்பு நாற்பது.
எழுபத்தொன்பதாவது கை பேனா பிடித்திருந்தது.
அது உயர்ந்திருந்தாலும்
ஒன்றில் தோற்றிருக்கும் என்று
அன்றிரவு எனக்கு நானே
இரண்டு முறை கணக்குச் சொன்னேன்.

ஏப்ரலில்
நிலத்தடியில் உறைந்திருந்ததெல்லாம் இளகியது.
சாலையின் முதுகு உப்பி வெடித்தது.
நடுவில் போன மஞ்சள் வரி
நொண்டி நொண்டி ஆற்றுப்பக்கம் ஒதுங்கியது.
கம்பத்துக்குக் கம்பம் ஆரஞ்சு அட்டை:
மே பாதிவரை பாரவண்டிகளுக்குத் தடை.
அர்மானின் லாரி கொட்டகையில் நின்றது,
தன் காசில் போட்ட சாலைக்குத்
தன் எடை ஆகாமல்.

வியாழக்கிழமை.
என் கார் அச்சு முறிந்து பணிமனையில்.
தபால் நிலைய முனையில் வேனுக்காக நின்றேன்.
எனக்கு முன்னால் அர்மான்,
ஒரு கன்னம் மட்டும் ரொட்டிபோல் வீங்கி.
பிக்கப்பை மருமகள் வேலைக்கு
எடுத்துப் போய்விடுகிறாள் என்றார்,
நான் கேட்காமலே.
கட்டணம் இரண்டு டாலர்.
எட்டுக் கால் டாலர்களாக எண்ணிப் போட்டார்,
ஒவ்வொன்றாக, ஓசை கேட்கும்படி.

நோயெலா தன் பையை
மடிக்கு எடுத்துக்கொண்டாள்.
அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.
உருளைக்கிழங்கு வயல்கள் நீரில் கிடந்தன.
தீர்மானம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை,
அவரால் திறக்கவும் முடியாது.

எட்டாவது மைலில் வேன்
ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.
எல்லா இருக்கைகளும் சேர்ந்து முனகின.
"இந்தச் சாலையைப் பாரேன்" என்றார்
கன்னத்தைப் பொத்திக்கொண்டு.
"அந்தக் கயிற்றைப் பாரேன்" என்றாள் அவள்.

இரண்டையும் பார்த்தேன்.
கையில் குறிப்பேடு இல்லை.